சோடாவில் அவித்த நாலு பெல்ட்

ரயிலைப் பற்றித் துரைராஜிடம் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வார். கரண்ட் மேலேயிருந்து எப்படி இறங்குகிறது, வண்டி எப்படி ஓடுகிறது, அதெல்லாம் படித்தவர்கள் பாடு. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கட்டுவது. எத்தனை கனமான சாமானானாலும் எங்கே கட்டினால் சாயாமல் எழும்பும் என்று அவர் கை சொல்லிவிடும். மின்சார ரயில்களைப் பழுது பார்க்கிற ஒரு ஷெட்டில் இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்த வேலை அதுதான். அவருடைய அப்பா திரிசூலத்துக் குவாரியில் கல் தூக்கினவர். பிள்ளை இரும்பு தூக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம். அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில், ஏழரை மணிக்கெல்லாம் ஷெட்டில் காக்கி மாட்டிக்கொண்டு நிற்பார்.

தூக்க வேண்டிய சாமானும் லேசுப்பட்டதல்ல. இரண்டு சக்கரம், நடுவில் அவற்றைக் கோக்கிற அச்சு, அந்த அச்சின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு மோட்டார். மூன்றும் சேர்ந்தால் நாலு டன்னைத் தாண்டும். ஷெட்டில் அதற்கு மோட்டார் சக்கரம் என்று பெயர். பெட்டிக்கு அடியிலிருந்து அதை உருவி, க்ரேனில் தூக்கி, பழுது பார்த்து, மறுபடி பெட்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். க்ரேன் ஓட்டுகிற லோகநாதன் மேலே கூண்டில் இருப்பான். கீழே நடப்பது அவனுக்குப் பாதி தெரியாது. துரைராஜின் கை உயர்ந்தால் தூக்குவான், தாழ்ந்தால் இறக்குவான். கீழே இருப்பவன் பொன்னுசாமி. மோட்டார் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறபோது சட்டத்துக்கு அடியில் குந்தி, மோட்டாரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கைப் பிடித்து அதற்குரிய இடத்தில் சேர்க்கிறது அவன் வேலை. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். "உனக்குப் பயமா இல்லியா?" என்று யாராவது கேட்டால், "கட்னது யாரு? துரைராஜ் அண்ணன். அப்பால இன்னா பயம்?" என்பான்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் இல்லாமலில்லை. அப்போதெல்லாம் இரும்புக் கம்பிக் கயிறுதான். காலையில் வந்ததும் துரைராஜ் கயிற்றை உள்ளங்கையில் ஓட்டிப் பார்ப்பார். ஒரு இழை அறுந்திருந்தாலும் முள்ளாகக் குத்தும். பாரம் ஏறும்போது கயிறு முனகும். அந்த முனகலில் நல்ல முனகல் எது, கெட்ட முனகல் எது என்று அவருக்குத் தெரியும். கெடப்போகிற கயிறு ஒரு வாரம் முன்னாடியே நோட்டீஸ் கொடுத்துவிடும் என்பார். அப்படி அவர் ஒதுக்கிப் போட்ட கயிறுகள் எத்தனையோ. ஒரு தடவைகூட அவர் கட்டினது அவிழ்ந்ததில்லை.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் நடுவில் வந்தது வினை. கம்பிக் கயிறு அச்சைச் சுரண்டுகிறது, கீறல் விழுந்த அச்சு நாளைக்கு ஓடும்போது முறியும் என்று மேலேயிருந்து உத்தரவு. இனிமேல் பெல்ட்டில்தான் தூக்க வேண்டுமாம். ஷெட்டில் வேலையை மேற்பார்க்கிற சார்ஜ்மேன் ஸ்ரீரங்கன் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாக எட்டுப் பட்டைகள். உள்ளங்கை அகலம், விரல் தடிமன், இரண்டு முனையிலும் மடித்துத் தைத்த காது. அந்தக் காதைத்தான் கொக்கியில் மாட்ட வேண்டும்.

"சார், இது துணி சார்" என்றார் துரைராஜ்.

"சிந்தெடிக்ப்பா. மூணு டன் கெப்பாசிட்டி. ரெண்டு போட்டா ஆறு டன். கேட்லாக்லயே போட்டிருக்கான்."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று துரைராஜ் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். எட்டுப் பட்டையையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். இதில் நாலு டன்னா? முதல் நாள் பொன்னுசாமியைப் பக்கத்திலேயே விடாமல் கட்டித் தூக்கிப் பார்த்தார். எழும்பியது. சாயவில்லை, ஆடவில்லை. ஆனால் ஒரு சத்தமும் இல்லை! முனகல் இல்லை, ஒன்றும் இல்லை. ஊமையைச் சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. உள்ளங்கையில் ஓட்டிப் பார்த்தால் வழவழவென்று போகிறது. நல்லது எது, கெட்டது எது, கை ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது.

போதாக்குறைக்கு அந்தப் பட்டைகளில் தைத்திருந்த, எண் போட்ட கம்பெனிச் சீட்டுகள் மோட்டாரின் போல்ட்டில் போய் மாட்டிக்கொண்டன. தொல்லை என்று எட்டையும் அவரே பிளேடால் நறுக்கி எறிந்தார். எட்டும் ஒரே மாதிரி, எட்டும் மஞ்சள். எந்த எண் எந்தப் பெல்ட் என்று அப்போது யாருக்கு வேண்டும்?

இரண்டு மாசத்தில் பெல்ட் எல்லாம் க்ரீஸும் பிரேக் தூசியும் ஏறி அடுப்புத் துணி மாதிரி ஆகிவிட்டன. பிடித்தால் வழுக்கியது. வழுக்குகிற கட்டு கட்டே இல்லை என்பது துரைராஜின் சட்டம். வீட்டுக்கு வந்தும் அதே யோசனை.

"இன்னாய்யா, சோத்துல கைய வெச்சுகினு எங்கியோ பாக்கற?" என்றாள் அங்காளம்மாள். அவருடைய மனைவி. அனகாபுத்தூரில் அவளுடைய அப்பாவுக்குச் சாயப்பட்டறை இருந்தது. லுங்கிக்கும் கைக்குட்டைக்கும் நூல் தோய்க்கிற இடம். பத்து வயசிலிருந்து சாயத்தண்ணீரில் கை வைத்தவள். நூல் விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது.

"துணியில மோட்டார் தூக்கினு இருக்கேன்மே. அதுவும் அழுக்குத் துணியில."

"துணின்னா? நூலா?"

"நூலுதான். பட்டையா நெய்ஞ்சுகீறான். க்ரீஸு ஏறி வழுக்குது."

"அடச்சீ, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? எங்கப்பா வூட்ல நூல இன்னா பண்ணுவாங்க? காஸ்டிக் சோடா போட்டு அவிப்பாங்க. எண்ணெப் பசை பூரா கயண்டுகினு போயிடும். நூலும் இறுகி சும்மா கிண்ணுனு நிக்கும். சோடாவுல அவிக்காத நூலு நூலாய்யா?"

துரைராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஷெட்டிலேயே ஒரு காஸ்டிக் தொட்டி இருந்தது. க்ரீஸ் பிடித்த போல்ட்டும் நட்டும் மூடியும் அதில் போட்டுக் காய்ச்சினால் வெள்ளி மாதிரி வெளியே வரும். வருஷக்கணக்காக அதன் பக்கத்தில்தான் அவர் வெற்றிலை போடுகிறார். இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். இவள் மட்டும் ஷெட்டுக்கு வந்தால் ஸ்ரீரங்கன் சாரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பெருமைகூடப் பட்டார். பாவி மனுஷன்!

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஷெட் முழுக்கக் கழுவல் நடக்கும். அன்றைக்கு எவனும் எவனையும் எதற்கு என்று கேட்க மாட்டான். துரைராஜ் தொட்டிக் கூடையில் பெல்ட்டை மடித்து வைத்தார். நாலுதான் பிடித்தது. ஒன்றரை மணி நேரம் அவித்தார். வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் கொடி கட்டிக் காயப்போட்டார். ஆகா! மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். க்ரீஸ் போன இடம் தெரியவில்லை. கொஞ்சம் வெளிறினாற்போல் இருந்தது, அவ்வளவுதான். மீதி நாலை அவிக்கலாம் என்று போனால் தொட்டியில் யாரோ போல்ட்டைக் கொட்டிவிட்டிருந்தார்கள். அதனால் அந்த நாலையும் பொன்னுசாமி சோப்புத்தூள் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, கை ஓய்ந்து, அதே கொடியில் அவற்றோடு சேர்த்துப் போட்டான். சாயங்காலம் எட்டும் ஒரே குவியலாக உள்ளே போயின.

மறுநாள் எட்டுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்ரீரங்கன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "துரைராஜ், என்னப்பா பண்ணினே? பேக்கிங்லேர்ந்து எடுத்த மாதிரி இருக்கே!" என்றார்.

"துவைச்சேன் சார்" என்றார் துரைராஜ், தலையைச் சொறிந்துகொண்டு.

"வெரி குட். இந்த வருஷம் அவார்டுக்கு உன் பேரைத்தான் எழுதப் போறேன்."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பித்தானே நாமெல்லாம் கெட்டுப்போகிறோம். அவர் ஒருத்தரை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்?

ஐப்பசி போயிற்று, கார்த்திகை மழையில் ஷெட் ஒழுகிற்று, மார்கழியும் பிறந்தது. தினம் தூக்கினார்கள். ஒரு தொல்லையும் இல்லை. எட்டு பெல்ட்டும் பழையபடி அழுக்கேறி ஒரே பழுப்பாக ஆயின. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு பெல்ட் கம்பெனியிலிருந்து ஒருத்தர் புது ஆர்டர் விஷயமாக வந்தார். டை கட்டின ஆள். ஸ்ரீரங்கன் மீட்டிங்கில் இருந்ததால் அந்த ஆள் வாசல் டீக்கடையில் காத்துக்கொண்டு நின்றார். துரைராஜ் சும்மா இருக்கக்கூடாதோ? போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"சார், உங்க பெல்ட்டு அயுக்கானா எப்டி சார் தொவைக்கிறது?"

"சாதா சோப்பு, பச்சைத் தண்ணி. அவ்வளவுதாங்க. ஒண்ணே ஒண்ணுதான், காஸ்டிக் மட்டும் காட்டிடக்கூடாது. இது பாலியெஸ்டர். ஆசிட் பட்டாக்கூட ஓரளவு தாங்கும், காஸ்டிக் தாங்காது. நூலைத் தின்னுடும்."

துரைராஜின் கையிலிருந்த டீ கிளாஸ் சுட்டது. அவர் கீழே வைக்கவில்லை.

"தின்னா பாத்தா தெரியுமா சார்?"

"அதான் டேஞ்சரே. மேலாப்புல நல்லாத்தான் இருக்கும். முக்கியமா அந்தக் காதுல இருக்கிற தையல் நூல், அது சன்னம் இல்லையா, அதுதான் மொதல்ல போகும். ஏங்க, யாராவது போட்டுட்டாங்களா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

சும்மாவாம்! அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன வாயைத் தைத்துவிடலாமா என்று அவரே பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்து பெல்ட் தொங்குகிற கொக்கிகளுக்கு முன்னால் நின்றார். எட்டு. நாலு அவித்தது, நாலு அவிக்காதது. எந்த நாலு? ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஓட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார், மடித்தார், காதை இழுத்தார். எட்டும் ஒன்றுபோலப் பல்லைக் காட்டின.

சாயங்காலம் நேரே அங்காளம்மாளிடம் போய் விழுந்தார்.

"நூலு இறுகும்னியே, தின்னுடுமாமே! பாலிஸ்டருக்குச் சோடாவே ஆவாதாம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பாலிஸ்டரா? அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு? நூலுன்ன, நான் பஞ்சு நூலுன்னு நெனச்சேன். ஒரு இழைய நெருப்புல காட்டியிருந்தா தெரிஞ்சு போயிருக்கும்யா. பஞ்சு சாம்பலாவும், பாலிஸ்டரு உருகி முடிச்சாவும். எங்க பட்டறையில சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"எனக்கு எப்டிமே தெரியும்? நான் பட்டறையிலயா பொறந்தேன்?"

"நான் ரயிலுலயா பொறந்தேன்?"

அவள் முறத்தை மறுபடி எடுத்து, பாதியிலேயே கீழே வைத்தாள். பிறகு அவள்தான் மெதுவாகக் கேட்டாள்: "கீய ஆளு குந்துமா?"

"பொன்னுசாமி குந்துவான்."

அவளுக்கும் முகம் மாறிவிட்டது. பொன்னுசாமியின் பெரிய பெண்ணுக்குக் காது குத்தினபோது போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் அவள். யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னாள். சரியாக அலசாத நூலில் சோடா உள்ளே தங்கினால் நாக்கில் வைத்ததும் சுருக்கென்று பிடிக்குமாம். பட்டறையில் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஷெட் காலியானதும் அந்த மனுஷன் எட்டு பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் குந்தி ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயசில் அந்தக் கோலம்! முதலாவது க்ரீஸ். இரண்டாவதும் க்ரீஸ். ஐந்தாவது சுருக்கென்ற மாதிரி இருந்தது. துப்பிவிட்டு மறுபடி வைத்தால் இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பில் வெந்து வெந்து மரத்துப்போன நாக்கு, அது என்ன சொல்லும்?

"அண்ணா! இன்னாத்துக்கு பெல்ட்ட நக்கினு கீற?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. லோகநாதன் கூண்டிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

"உப்பு போதுமான்னு பாக்கறேன். நீ உன் சோத்தத் துன்னு" என்று எரிந்து விழுந்தார் துரைராஜ்.

ஸ்ரீரங்கனிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றிற்று, தினமும் நாலு தடவை. சார் ரூம் வாசல் வரைக்கும் போவார். போனதும் ஒரு சந்தேகம் வரும். மூன்று மாசமாகத் தூக்குகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே, டை கட்டினவன் புது பெல்ட் விற்பதற்காகப் பயமுறுத்தினானோ? இன்னொன்றும் உண்டு, அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. துரைராஜுக்குப் பெல்ட்டைப் பற்றித் தெரியவில்லை என்று வெளியே போய்விட்டால் அப்புறம் துரைராஜ் யார்? கம்பிக் கயிறு கிடங்கில் கிடந்தது. இரண்டு நாள் அதை எடுத்துக் கட்டினார். மூன்றாம் நாள் அச்சில் கீறலைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கன் குதித்தார். "பெல்ட் இருக்கும்போது ஏன்ப்பா இந்த ரோப்? அவார்டுக்குப் பேர் கொடுத்திருக்கேன், என் மானத்தை வாங்காதே!" கம்பிக் கயிறு பழைய இரும்புக் குவியலுக்குப் போயிற்று.

போகி கழிந்து, பொங்கல் கழிந்து, லீவு முடிந்து வந்த முதல் நாள். ஒரு பெட்டி சாயங்காலத்துக்குள் வெளியே போயாக வேண்டும். துரைராஜ் கொக்கியிலிருந்து இரண்டு பெல்ட்டை எடுத்தார். வைத்துவிட்டு வேறு இரண்டை எடுத்தார். கட்டினார். பொன்னுசாமி சட்டத்துக்கு அடியில் போய்க் குந்தினான். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையைக் காக்கிக்கு உள்ளே போட்டிருந்தான், காலர் மட்டும் தெரிந்தது. லோகநாதன் மேலேயிருந்து துரைராஜின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கை பாதிதான் எழும்பியது.

"இன்னாண்ணா, கை புட்சிகிச்சா?" என்றான் லோகநாதன்.

"பொன்னுசாமி, வெளிய வா."

"இன்னாண்ணா?"

"வெளிய வாடான்னா!"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஷெட்டில் துரைராஜ் கத்தி யாரும் கேட்டதில்லை. பொன்னுசாமி முகம் சுண்டிப்போய் வெளியே வந்து தூணோரம் நின்றான். துரைராஜ் கையை உயர்த்தினார். மோட்டார் சக்கரம் எழும்பியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு உயரம். சட்டத்துக்கு மேலே வந்து நின்றது. இறக்கச் சொல்லிக் கையைத் தாழ்த்தினார். கொஞ்சம் இறங்கி நின்ற அந்த உலுக்கலில், பழைய லுங்கி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஒரு பெல்ட்டின் காது தையல் விட்டு நீளமாக நழுவியது. மோட்டார் பக்கம் தலைகுப்புறச் சாய்ந்து, சட்டத்தில் மோதி, தரையில் இறங்கியது. ஷெட் முழுக்க அதிர்ந்தது. தூசி அடங்கினபோது மோட்டாரின் மூக்கு, பொன்னுசாமி குந்தியிருந்த இடத்தில் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு நின்றது.

பொன்னுசாமிதான் ஓடிவந்து துரைராஜின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"அண்ணன் கைக்குத் தெர்ஞ்சிகிச்சுடா! இந்தக் கை சாமிடா! எம் பொண்ணுங்களுக்கு அப்பன மிச்சம் வெச்சிட்டார்டா!"

மேலேயிருந்து லோகநாதன் இறங்கி வந்தான். அவனும் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஸ்ரீரங்கன் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டார். துரைராஜின் முதுகில் தட்டினார். பெயர்ந்த கான்கிரீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு டிஃபெக்ட்டிவ் பீஸா வந்துடுத்து. கம்பெனிக்கு எழுதறேன். இன்னும் ஏழு இருக்கே. துரைராஜ், உன் கைதான் சொல்றதே, நல்லதா ரெண்டு பார்த்து எடுத்துக் கட்டு. சாயங்காலம் வண்டி போகணும்."

துரைராஜ் அவர் வழியை மறித்து நின்றார். "சார், நான் அவிச்சிட்டேன் சார்."

"என்னது?"

"காஸ்டிக் தொட்டியில போட்டு அவிச்சிட்டேன் சார். ஆயுத பூசைக்கு. நாலு பெல்ட்ட. அது தின்னுடுமாம் சார். கம்பெனிக்காரரு சொன்னாரு."

"துவைச்சேன்னு சொன்னியே, அதுதானே? துவைச்சா தையல் விடுமா? நான் சட்டை துவைக்கலையா? நீ பயந்து போயிருக்கே. போய் டீ சாப்பிட்டுட்டு வா."

"என் கைக்கு ஒண்ணும் தெரியாது சார். சத்தியமா தெரியாது. எந்த நாலுன்னு..."

"அண்ணனுக்கு அதிர்ச்சி சார்" என்றான் பொன்னுசாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயர்ந்த கான்கிரீட் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போய் மறுபடி குந்தினான். "அண்ணன் எடுத்துக் குடுக்கட்டும் சார். நா ரெடி. அண்ணன் எடுத்தது எதுவா இருந்தாலும் சரி."

அதைக் கேட்டதும் துரைராஜ் நடந்தார். டீக்கடைக்கு இல்லை. தகரம் வெட்டுகிற மேஜைக்குப் போய்ப் பெரிய கத்தரியை எடுத்தார். கொக்கியில் தொங்கிய ஆறை உருவித் தரையில் போட்டார். சாய்ந்து கிடந்த மோட்டாரிலிருந்து இன்னொன்றை அவிழ்த்தார். தையல் விட்ட பெல்ட்டையும் கொக்கியிலிருந்து கழற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லதாகப் பார்த்து எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். முதல் பெல்ட்டின் நடுவில் கத்தரியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். இரண்டாவதையும் வெட்டினபோதுதான் ஸ்ரீரங்கனுக்குக் குரல் வந்தது.

"யோவ்! கவர்ன்மென்ட் சொத்துய்யா! பைத்தியம் பிடிச்சிருக்கா?"

லோகநாதன் வந்து தோளைப் பிடித்தான். துரைராஜ் அவனை உதறிவிட்டார். எட்டும் துண்டாகிற வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. கட்டைவிரல் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று வண்டி போகவில்லை. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாகத் துரைராஜுக்குக் காகிதம் வந்தது. அடுத்த வாரம் ஸ்ரீரங்கன் ரூமில் விசாரணை. பொன்னுசாமியைச் சாட்சிக்கு உட்கார வைத்திருந்தார்கள். பெல்ட் துண்டுகள் மேஜைமேல் குவிந்து கிடந்தன. இந்த ஒரு வாரத்தில் ஸ்ரீரங்கன் மேஜை டிராயரைக் குடைந்து, பெல்ட்டோடு வந்த கம்பெனிப் புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தார். ஏழு மாசமாக அது அங்கேதான் இருந்தது. காஸ்டிக் படக்கூடாது என்று நாலாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதனால் அவர் குரலில் பழைய வேகம் இல்லை.

"சரிப்பா, தெரியாம அவிச்சிட்டே. அதை நான் எழுதிக்கறேன். ஆனா நீ அவிச்சது நாலு. மீதி நாலு நல்ல பெல்ட். அதையும் ஏன் வெட்டினே? இதுக்குப் பதில் சொல்லணும் நீ."

துரைராஜ் குவியலைக் காட்டினார். "அந்த நாலு எதுன்னு நீங்க காட்டுங்க சார். இப்பவே என் வூட்டுக்காரிய இட்டாந்து தெச்சுக் குடுத்துடறேன்."

ஸ்ரீரங்கன் ஒரு துண்டை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். பிறகு இரண்டையும் குவியலிலேயே போட்டுவிட்டுப் பேனாவைத் தேடினார்.

பொன்னுசாமி எழுந்து மேஜையருகே வந்தான். அவன் துண்டுகளைத் தொடவில்லை.

"அண்ணா, ஆயுத பூசைலேர்ந்து பொங்கல் வரிக்கும் டெய்லி குந்துனனே. எதுக்குக் கீய குந்துனேன், நல்லதுக்குக் கீயவா, அவிச்சதுக்குக் கீயவா?"

"தெரியலடா" என்றார் துரைராஜ்.

"கம்பெனிக்காரன் உன்னாண்ட சொன்னது எப்போ?"

துரைராஜ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பொங்கலுக்குப் பத்து நாளு முன்னாடி."

பொன்னுசாமி விரலை மடித்து எதையோ எண்ணினான். லீவு நாளையும் கம்பிக் கயிறு கட்டின இரண்டு நாளையும் கழித்தான் போலிருக்கிறது. நாலு விரலில் நின்றது. "அப்பாலயும் நாலு நாளு குந்துனேன்" என்றான். சாட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.